மறுபடியும் கிராஸ்டர்: அப்பா திருப்பிப் பார்த்த சிங்கி இறால்கள்

போன சனிக்கிழமைதான் கிராஸ்டரில் இருந்து லீட்ஸுக்குத் திரும்பினோம். ஸ்வெட்டரை இரண்டு தடவை துவைத்தும் புகை வாசம் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் உண்டு என்று தெரியும். அங்கே சந்தித்த மனிதர்களைப் பற்றி நீங்களும் எழுதுங்கள். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கிராஸ்டர், இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து கரையில் இருக்கும் சின்ன மீனவ ஊர். வேகமாக நடந்தால் பத்து நிமிஷத்தில் ஊர் முடிந்துவிடும். ஒரு சிறு துறைமுகம், கறுத்த கல் வீடுகள், ஒரு பப், மீனைப் புகைபோடும் ஒரு புகைக்கூடம். வடக்கே புல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் டன்ஸ்டன்பரா கோட்டை. அவ்வளவுதான் ஊர். 2015-ல் தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்து மனசும் உடம்பும் அலுத்துப்போயிருந்தபோது, வார்டில் கூட வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் "சத்தமே இல்லாத இடம் வேணும்னா அங்க போ" என்று சொல்லி அனுப்பினார். போனேன். நான்கு நாளில் முப்பது மணி நேரமாவது தூங்கியிருப்பேன். சத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஈடர் வாத்துகளின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். யாரோ ரகசியம் சொல்ல, பாட்டி ஒருத்தி "ஊ...ஊ?" என்று வியந்து கேட்கிற மாதிரி ஒரு குரல். அந்தப் பக்கத்துக்காரர்கள் அவற்றைக் 'கடி' வாத்து என்கிறார்கள். பக்கத்து ஃபார்ன் தீவில் தவமிருந்து 687-ல் இறந்த புனித கத்பர்ட்டின் செல்லப்பெயர் அது. அந்தப் பறவைகளைக் காத்தவர் அவர் என்று நம்பிக்கை.

2018 மே மாதம் அப்பா எங்களிடம் வந்திருந்தார். அப்பாவுக்கு மணப்பாடு. பதினாலு வயசில் கடலுக்குப் போக ஆரம்பித்தவர், முட்டி வலி வந்து உட்காரும் வரைக்கும் நிறுத்தவில்லை. லீட்ஸில் வந்து இறங்கிய அன்றைக்கே அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, கடல் எந்தப் பக்கம் இருக்கு?" லீட்ஸில் ஏது கடல்? பத்து நாள் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பொறுக்காமல் கிராஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. பதறிக்கொண்டு ஓடினேன். துறைமுகச் சுவரில், என் வீட்டுக்காரரின் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "சூரியன் கடலுக்குள்ள இருந்துதான் எழும்புது. அப்ப இது நம்ம பக்கம்தான்" என்றார். மணப்பாட்டுக்கும் கடல் கிழக்கே. கிராஸ்டருக்கும் கிழக்கே. மூன்று வருஷமாக வந்துபோகிற எனக்கு அது தோன்றியதே இல்லை. வடக்கே கோட்டையைக் காட்டி, "நம்ம சிலுவைக் கோயில் மாதிரி கடல்ல இருந்து அடையாளம் பாக்க வச்சிருக்கான்" என்றார். கோட்டையைக் கட்டியவர் அதற்காகக் கட்டவில்லை. லங்காஸ்டர் பிரபு தாமஸ் தன் சொந்த ராஜாவோடு பகை முற்றிய காலத்தில், 1313-ல் ஆரம்பித்த கோட்டை அது. 1322-ல் அவர் தலை போய்விட்டது. ஆனால் படகில் இருந்து பார்ப்பவனுக்கு அப்பா சொன்னதுதான் சரி.

அப்போது ஒரு சின்னப் படகு உள்ளே வந்தது. ஆரஞ்சு நிற மெழுகுத்துணிக் கால்சட்டை போட்ட ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், தனியாகவே கட்டினார். பெட்டியில் சிங்கி இறால். நம் பக்கத்துச் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, நீள மீசைதான். இது கருநீலத்தில், உள்ளங்கை அகலக் கொடுக்குகளோடு, கொடுக்கு இரண்டிலும் ரப்பர் வளையம் மாட்டிக் கிடந்தது. அப்பா எழுந்து போய், யாரிடமும் கேட்காமல் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. முதுகு ஓட்டைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, மடங்கியிருந்த வாலைக் கட்டைவிரலால் விரித்து அடிவயிற்றைப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்தது. பெட்டியில் இருந்த பதினொன்றையும் இப்படியே பார்த்து முடித்தார். பெரியவர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒண்ணுலகூடச் சினை இல்ல. சினை வச்சத விட்டுட்டுதான் வாரானா, கேளு" என்றார் அப்பா.

கேட்டேன். பெரியவரின் முகம் மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முட்டையோடு இருக்கும் பெட்டையைக் கரைக்குக் கொண்டுவருவது 2017 முதல் இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம், ஆனால் தன் அப்பா காலத்தில் இருந்தே தாங்கள் விட்டுவிடுவோம் என்றார். பிறகு படகுக்குள் இறங்கி ஒரு பித்தளை அளவுகோலைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். கண் குழியில் இருந்து முதுகு ஓட்டின் முடிவு வரைக்கும் 87 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், குறைந்தால் கடலுக்கே. அப்பா அதை ஒரு இறாலின் மேல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு பெரியவர் செய்ததுதான் எனக்கு மறக்காது. கல்லில் ஒட்டிக் கிடந்த அகலமான கடற்பாசி இலை ஒன்றைப் பிய்த்து, கத்தியால் அதன் ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டி, வால் துடுப்பைத் தொட்டுக் காட்டினார். முட்டை வைத்த பெட்டையின் வாலில் இப்படி அடையாளம் போட்டு விடுவார்களாம். முட்டை உதிர்ந்த பிறகு வேறு ஒருவர் கூட்டில் அது விழுந்தாலும், அந்த வெட்டைப் பார்த்து அவரும் விட்டுவிட வேண்டும். நான் மொழிபெயர்க்கு முன்னாலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் நான்கு நாளும் அவர் அங்கேதான் இருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. கயிறு, கூடு, காற்று. கிழக்கே இருந்து அடித்த காற்றைப் பார்த்து அப்பா "கொண்டல்" என்றார். பெரியவரும் "கொண்டல்" என்று சொல்லிப் பார்த்தார்.

அப்பா 2021-ல் தவறிப்போனார். கொரோனா நேரம், என்னால் போக முடியவில்லை. மணப்பாட்டில் அவரை அடக்கம் செய்ததைச் செல்பேசியில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு கிராஸ்டருக்கு மட்டும் போகவே முடியாது என்று இருந்தது. விட்பிக்குப் போனோம், கார்ன்வாலுக்குப் போனோம். இந்த வருஷம் மகள்தான், "தாத்தா உக்காந்த சுவரு எங்க இருக்கு?" என்று படத்தைக் காட்டிக் கேட்டாள். அவளுக்கு அப்போது இரண்டு வயசு, ஒன்றும் ஞாபகம் இல்லை.

பழைய வீடு கிடைக்கவில்லை, விற்றுவிட்டார்களாம். வேறு வீடு எடுத்தோம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் எண் அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டி. அந்த வரிசையில் பாதிக்கு மேல் கதவுகளில் அதே பெட்டி. அதாவது அவற்றில் குடியிருப்பவர்கள் யாரும் இல்லை, வாடகைக்கு வந்துபோகிற எங்களைப் போன்றவர்கள்தான். கடையில் பால் வாங்கும்போது, ஒரு அம்மா தாங்கலாகத்தான் சொன்னார்: ஜனவரியில் சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது, விளக்கு எரிகிற ஜன்னல்களை எண்ணிக்கொண்டே போவாராம். ஒரு கைவிரலுக்குள் முடிந்துவிடும் என்றார். நான் பத்து வருஷமாக அந்த ஊரின் அமைதியைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பங்கு, பிள்ளைகள் வீடு வாங்க முடியாமல் வெளியேறியதால் வந்த அமைதி. எனக்கு இது உறுத்துகிறது, மறைக்கப் போவதில்லை. இனிமேல் சூப்பர்மார்க்கெட்டில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகாமல், ரொட்டியில் இருந்து மீன் வரை அங்கேயே வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். நம்மால் ஆனது அவ்வளவு.

முதல் மூன்று நாள் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கரையில் மே, ஜூனில் இப்படி வரும். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த வடகடல் மேல் வந்து படும்போது வெள்ளை மூட்டமாகத் திரண்டு ஊருக்குள் ஏறிவிடும். 'ஃப்ரெட்' என்கிறார்கள். ஒரு மைல் உள்ளே போனால் பளீரென்று வெயில், துறைமுகத்தில் எதிர்ச்சுவர் தெரியாது. பெரியவரின் படகையும் காணவில்லை. அந்த இடத்தில் வேறொரு படகு நின்றது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

அந்த நாட்களில் ஊரைத்தான் சுற்றினோம். ராப்சன் குடும்பத்தின் புகைக்கூடம் 1856-ல் கட்டியது, நான்கு தலைமுறையாக நடத்துகிறார்கள். ஹெர்ரிங் மீனை முதுகுப்பக்கம் பிளந்து, உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, ஓக் மரத்தூள் புகையில் பதினாறு மணி நேரம் வரைக்கும் தொங்கவிடுகிறார்கள். அதுதான் கிப்பர். உள்சுவர் முழுக்கத் தாராகக் கறுத்திருக்கும், கூரை இடுக்கு வழியாகப் புகை கசிந்து ஊர் மேல் இறங்கும். அப்பா அன்றைக்கு ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "கருவாடும் இல்ல, பச்ச மீனும் இல்ல, நடுவுல நிக்குது. நல்லாருக்கு" என்றார். இப்போது அந்த ஹெர்ரிங் கிராஸ்டர் படகில் வருவதில்லை, நார்வேப் பக்கத்தில் இருந்து வருகிறது. வடகடல் ஹெர்ரிங்கை ஒட்ட வழித்துப் பிடித்து, கடைசியில் 1977-ல் பிடிக்கவே தடை போட வேண்டி வந்தது. துறைமுகத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து 1904-ல் திபெத் படையெடுப்பில் இறந்துபோன ஜான் கிராஸ்டர் என்ற கேப்டனின் நினைவாக, அவர் குடும்பம் 1906-ல் கட்டியது. பக்கத்துக் குவாரியின் கருங்கல் இந்தத் துறையில் இருந்துதான் கப்பல் ஏறிற்று. அந்தக் குவாரி இப்போது கார் நிறுத்துமிடம்.

தெற்கே ஹோவிக் வரைக்கும் ஒருநாள் நடந்தோம். கல்லர்நோஸ் முனையில் பாறை முழுக்க கிட்டிவேக் பறவைகள், தன் பெயரைத் தானே கத்துகிற பறவை. ஹோவிக் மாளிகை, 1830 முதல் 1834 வரை பிரதமராக இருந்த இரண்டாம் ஏர்ல் கிரேயின் வீடு. எர்ல் கிரே டீ அவர் பெயர்தான். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புச் சுவையை அடக்கவே பெர்கமோட் வாசம் சேர்த்தார்கள் என்று அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை மூட்டம் விலகியது. மகள் அந்தச் சுவரில் தாத்தாவைப் போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாத்துக் குஞ்சுகள் ஒரு பத்துப் பன்னிரண்டு, இரண்டு மூன்று தாய்களுக்குப் பொதுவாக நீந்திக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து ஒரு குரல், கம்பு ஊன்றும் சத்தத்தோடு: "கொண்டல்?"

திரும்பினேன். அவரேதான். இளைத்திருந்தார். படகை விற்றுவிட்டார், இடுப்பு அறுவை ஆகி இப்போது ஆல்ன்விக்கில் மகள் வீட்டில் இருக்கிறார், வியாழன்தோறும் பேரன் காரில் கொண்டுவந்து விடுகிறான். என்னை அடையாளம் தெரிந்ததா என்று கேட்டேன். உன்னைத் தெரியவில்லை, அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் தெரிந்தது என்றார். பிறகு, அப்பா எங்கே என்று கேட்டார்.

சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சொன்னது இவ்வளவுதான்: "பதினொன்றையும் திருப்பிப் பார்த்தார். ஒன்றைக்கூட விடவில்லை."

எண்ணிக்கை உட்பட ஏழு வருஷம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அப்பாவுக்காக நான் அழாமல் வைத்திருந்ததெல்லாம் அந்தச் சுவரில்தான் வந்தது. என்னை "பெட்" என்று கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் பக்கம் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் 'கண்ணு' என்கிற மாதிரி.

*

இப்ஸ்விச்சில் இருந்து:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் ஏர்ல் கிரேயைச் சொன்னதால் எழுதுகிறேன். அவர் பிரதமராக இருந்தபோது 1832-ல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டம்தான் எனக்குப் பிடித்த ஊரின் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பறித்தது. சஃபோக் கரையில் இருக்கும் டன்விச். கடல் அந்த ஊரைத் தின்றுவிட்டு, மிச்சம் வைத்தது கொஞ்சம் வீடுகள். அதற்குப் போய் இரண்டு உறுப்பினர்கள்!

ஒரு காலத்தில் பெரிய துறைமுகப் பட்டினம். 1286-ல் ஒரு புயல், 1328-ல் இன்னொன்று, துறைமுகத்தின் வாயையே மணல் அடைத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு கோயிலாக விழுந்தது. கடைசிக் கோயில் 1904-க்கும் 1919-க்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கடற்கரையில் விழுந்தது. இப்போது மேட்டில் பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன.

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது டன்விச் போவேன், ஆகஸ்டில் ஹெதர் பூத்துக் கிடக்கும்போது கண்டிப்பாக. அங்கே உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் பழைய பட்டினத்தின் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை நான் அதன் முன்னால் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, அங்கே தொண்டுவேலை பார்க்கும் ஒரு பாட்டி நாற்காலி கொண்டுவந்து போட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று போயிற்று, 1964 டிசம்பர் 22 ராத்திரி, ஒரே இரவில், ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு சேர்த்து என்று சொன்னேன். எங்கள் அப்பத்தா அன்றைக்குத் தனுஷ்கோடியில் இருந்திருக்க வேண்டியவர், தங்கச்சி பிரசவத்துக்காக ராமேஸ்வரம் போனதால் பிழைத்தவர். அந்தப் பாட்டி முழுசாகக் கேட்டார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து, "அந்த ஊர்ப் பெயரை உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள்" என்றார். 'தனுஷ்கோடி' என்று எழுதினேன். அடுத்த தடவை போனபோது, யாரோ ஒரு குடும்பத்துக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

*

மிடில்ஸ்பரோவில் இருந்து:

வணக்கம். நான் இங்க எம்.எஸ்சி. படிக்கிறேன். எனக்கு ஸ்டெய்த்ஸ். உள்ளூர்க்காரங்க "ஸ்டியர்ஸ்"னு சொல்லுவாங்க. யார்க்‌ஷயர் கரையில மலை இடுக்குல செருகி வச்ச மாதிரி இருக்கும். கேப்டன் குக் பையனா இருந்தப்ப, 1745-ல, மளிகைக் கடை வேலைக்கு வந்த ஊரு. அந்தக் கடையும் கடலோட போயிடுச்சு.

போன வருஷம் நானும் ரூம்மேட்டும் பாறைத் தரையில புதைபடிவம் தேடிக்கிட்டே ரொம்பத் தூரம் போயிட்டோம். சுருள் சுருளா அம்மோனைட், எடுக்க எடுக்க ஆசை. நிமிர்ந்து பாத்தா பின்னாடி வந்த வழியில தண்ணி மினுங்குது. ஓதம் ஏறுறதுன்னா அலை அடிச்சு வரும்னு நெனச்சிருந்தேன். இங்க அப்படி இல்ல, பாறைப் பள்ளத்துல சத்தமில்லாம நிரம்புது. நல்லவேளை, நாயோட வந்த ஒரு அம்மா எங்களப் பாத்துட்டாங்க. தூரத்துல நின்னு கத்தல. நேரா எங்ககிட்ட நடந்து வந்து, எந்தக் கல்லுல கால் வைக்கணும்னு காட்டி, கணுக்கால் தண்ணியில கூட்டிட்டு வந்து விட்டாங்க. இன்னும் இருபது நிமிஷம் போயிருந்தா செங்குத்துப் பாறைக்கும் கடலுக்கும் நடுவுல மாட்டியிருப்போம்.

வீட்டுக்குக் கூப்பிட்டு டீ குடுத்தாங்க. சுவத்துல அவங்க பாட்டி போட்டோ, வெள்ளைத் துணித் தொப்பியில. அந்த ஊர்ப் பொம்பளைங்க தலையில கூடை சுமக்கறப்ப உச்சியில வலிக்காம இருக்க ரெண்டு மடிப்பா தச்ச தொப்பியாம். எங்க அம்மா சும்மாடு வச்சுத்தான் தண்ணிக்குடம் தூக்குவாங்க. அதச் சொன்னதும் ஒரு துண்ட எடுத்துக் குடுத்து சுத்திக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன்.

எல்லாருக்கும் ஒரு வார்த்தை: கடற்கரையில இறங்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு ஓத நேரத்தப் பாத்துடுங்க. மாட்டிக்கிட்டா 999 அடிச்சு கோஸ்ட்கார்ட் வேணும்னு சொல்லணும். தண்ணியில நீந்தி வரலாம்னு மட்டும் இறங்கவே கூடாது, அந்தக் குளிர் கைகால இழுத்துடும்.

*

நியூகாசிலில் இருந்து:

தங்கச்சி, நான் இலங்கை, அட்டன் பக்கம். எங்கள் அம்மாயி தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அதனால் ஹோவிக் என்றால் எனக்கு வேறு ஒரு கணக்கு.

கிரே பிரதமராக இருந்தபோதுதான் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாவையும் விலக்கி வைத்து ஒரு பிரிவு இருந்தது. அடுத்த சில வருஷங்களில் கோப்பித் தோட்டம், பிறகு தேயிலை, எங்கள் சனத்தை ஊரில் ஆள்பிடித்துக் கப்பலேற்றிய கங்காணிமுறை எல்லாம் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு வசந்தத்திலும் ஹோவிக் மாளிகைத் தோட்டத்துக்குப் போகிறேன். பூவும் மரமும் அழகு, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஒருமுறை அங்கே டீ குடிக்கும்போது அடுத்த மேசையில் இருந்த ஒரு வயசான தம்பதி பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆள் எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும், நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் போடுவார்கள், அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலை ஏறுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் அம்மாயியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். சரியாக வரும் வரைக்கும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அம்மாயியின் பெயரை ஒரு வெள்ளைக்காரர் கேட்டதும் சொன்னதும் அதுதான் முதல் தடவை. தோட்டத்தில் அவருக்கு எண்தான்.

*

பர்மிங்ஹாமில் இருந்து:

அடுத்த மே மாதம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு கிராஸ்டர் போகலாம் என்று இருக்கிறோம். கார் இல்லை. அவர் சைவம், மீன் வாடையும் ஆகாது. கோட்டை வரைக்கும் நடக்க முடியுமா?

*

லீட்ஸில் இருந்து, மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. அட்டன் அண்ணா, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த தடவை ஹோவிக் போகும்போது இதையும் தெரிந்துகொண்டு போவாள். மிடில்ஸ்பரோ தம்பி, இனி தனியாகப் போகாதீர்கள்.

பர்மிங்ஹாம் தோழிக்கு: ரயிலில் ஆல்ன்மத் நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து டாக்சி சொல்லி வைத்துக்கொண்டால் நல்லது. நியூகாசிலில் இருந்து எக்ஸ் 18 பேருந்தும் ஆல்ன்விக் வழியாக கிராஸ்டர் வரும், பயணம் நீளம்தான், ஆனால் வழி அழகு. கோட்டைப் பாதை புல்தரை, ஏற்றம் பெரிதாக இல்லை, கடைசியில் மட்டும் ஒரு மேடு. ஆடுகள் குறுக்கே படுத்திருக்கும், சுற்றிப் போக வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும். மாமியாருக்கு முடியாவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுங்கள், கோட்டை அங்கிருந்தே நன்றாகத் தெரியும். புகைக்கூடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், அதனால் ஊரின் வடகோடியில் வீடு பாருங்கள். காற்று கிழக்கே இருந்து அடித்தால் அங்கே புகை அவ்வளவாக எட்டாது. அரிசி பருப்பு மட்டும் கையோடு கொண்டுபோங்கள், காய்கறியை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மீன் சாப்பிடுகிறவர்கள் கிப்பரை வாணலியில் போட்டு வறுக்காதீர்கள், வாடகை வீடு ஒரு வாரத்துக்கு மணக்கும். உயரமான ஜாடியில் வாலை மேலே வைத்து நிறுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி, ஏழு எட்டு நிமிஷம் விட்டு எடுத்தால் போதும். புகைக்கூடத்துக்கு எதிர்வீட்டு அம்மா சொல்லித்தந்தது. நாங்கள் அதைச் சுடுசோற்றில் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுச் சாப்பிட்டோம்.

பெரியவரின் பேரனிடம் நம்பர் வாங்கியிருக்கிறேன். நேற்று மணப்பாட்டுக்குப் பேசினேன். அப்பாவின் பெட்டியில் தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கடற்பாசி இலை கறுத்து, காய்ந்து, ஜெபப் புத்தகத்துக்குள் அப்படியே இருக்கிறது, வெட்டும் தெரிகிறது என்று அம்மா சொன்னார். படம் எடுத்து அனுப்பத் தம்பி வரட்டும் என்றார். வந்ததும் வியாழக்கிழமைக்கு முன்னால் கிராஸ்டருக்கு அனுப்ப வேண்டும்.